பின்மண்டைக்கு ஒரு கை

இரண்டாம் ஆட்டம் விட்டு, கடைசி சைக்கிளும் வீடு போய்ச் சேர்ந்துவிட்ட நேரம். திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலை. தொண்ணூற்றாறாம் வருஷம்... இப்போது இருக்கிற மஞ்சள் விளக்குகளும் வீட்டுமனைப் பலகைகளும் அப்போது கிடையாது. ஒரு பக்கம் ஏரி. ஒரு பக்கம் வேலிக்காத்தான் புதர். நடுவில் ஒரே ஒரு அம்பாசிடர். அதற்கும் ஒரு கண்தான் எரிந்தது.

காருக்குள் மூன்று பேர். ஓட்டியவன் காத்தவராயன்; மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரன், வலையை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். பின்சீட்டில் தாமோதரன். அவர் மடியில் தலைவைத்து, அவர் மனைவி தெய்வநாயகி.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வர இன்னும் நேரமாகும். ஜன்னலோரம் இருப்பவர் அதைச் சாத்திவிட்டு வந்தால் நல்லது. இது காற்றுவாக்கில் வந்த கதை இல்லை. நம் பக்தவத்சலம் இருக்கிறானே, கூடுவாஞ்சேரியில் மருந்துக்கடை வைத்திருப்பவன், அவனுடைய சொந்தத் தாய்மாமாவுக்கு நடந்தது. பக்தவத்சலம் பொய் சொல்ல மாட்டான். மாமா சொல்லுவார். கதையே அதுதான்.

காருக்குள் பெட்ரோல் வாசனை. வாடிய மல்லிகை வாசனை. இரண்டுக்கும் அடியில் இன்னொரு வாசனை... மூக்கின் உள்பக்கத்தைச் சுரண்டுகிற மாதிரி. தெய்வநாயகியின் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்தால் முதலில் காற்று மட்டும் வருமே... அந்தச் சத்தம்.

காத்தவராயன் கண்ணாடியில் பார்த்தான். சாலையைப் பார்த்தான். மறுபடி கண்ணாடியில் பார்த்தான்.

"சார்... அம்மா மூஞ்சி இன்னா சார் இப்டி உப்பிகினு கீது? கண்ணே தெரியல. இன்னா துன்னாங்க?"

"ஒவ்வாமை, காத்தவராயா. கத்தரிக்காய். நீ வண்டியைச் செலுத்து."

"கத்திரிக்காயா? எங்க வூட்ல தெனமும் அதான் சார். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலியே."

"உடற்கூறு ஆளுக்கு ஆள் மாறுபடும்."

மனைவியின் கழுத்து கன்னத்தோடு சேர்ந்து ஒரே தூணாகிக்கொண்டிருக்கும்போதும் அவர் 'உடற்கூறு' என்றுதான் சொன்னார். தாமோதரன் அப்படித்தான். பகலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சாயங்காலமானால் பட்டிமன்ற நடுவர். 'செந்நாச் செம்மல்' என்று பட்டம். பட்டத்தை வழங்கிய மன்றத்துக்கு அவரே தலைவர் என்பதால் வழங்குவதில் கருத்து வேறுபாடு எழவில்லை. குழம்பில் உப்பு குறைந்தால்கூட 'உவர்ப்பு ஒதுங்கி நிற்கிறதே, நாயகி' என்பார். அவள் உப்பு ஜாடியை எடுத்து வைப்பாள்.

ஐம்பது தாண்டியவர். தலைமுடி மட்டும் காக்கைச் சிறகு. எந்தத் தலைப்பில் பேசினாலும், வேளாண்மையோ வீரமோ, கடைசியில் தலைமுடியில்தான் வந்து நிற்பார். "ஒழுக்கம்! விடியற்காலைக் குளிர்ந்த நீர்! கரிசலாங்கண்ணி! உள்ளத்தில் கறை இல்லாதவன் தலையில் நரை இல்லை!" கூட்டம் கைதட்டும். வழுக்கைத் தலைக்காரர்கள்தான் ரொம்ப நேரம் தட்டுவார்கள்.

செங்கல்பட்டில் லக்ஷ்மிநாராயணன் என்று இன்னொரு நடுவர் இருந்தார். இவரைவிட மூத்தவர். அவர் தலையில் நிஜமாகவே ஒரு நரைமுடி கிடையாது. கடவுள் சில சமயம் ஆள் பார்க்காமல் கொடுத்துவிடுகிறார். ஒரே மேடையில் உட்கார நேர்ந்தால் தாமோதரன் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்; வகிட்டைப் பார்ப்பார். வேரில் ஒரு வெள்ளைப் புள்ளியாவது அகப்படாதா என்று தேடுவார். அகப்படாது. அந்த ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. லக்ஷ்மிநாராயணன் வேறு, மைக்கைப் பிடித்தால் சும்மா இருக்க மாட்டார். "என் முடி எங்க நைனா குடுத்தது. தாமோதரனாருக்கு யார் குடுத்தாங்களோ, எனக்குத் தெரியாதுப்பா" என்பார். கூட்டம் சிரிக்கும். தாமோதரனும் சிரிப்பார்... பல் மட்டும்.

யார் கொடுத்தது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். தெய்வநாயகிக்கு.

ஞாயிற்றுக்கிழமை, பால்காரன் வருவதற்கு முன்னால், கொல்லைக் கதவைத் தாழ்போட்டுவிட்டு அந்த வேலை நடக்கும். கிழிந்த துண்டு ஒன்று கழுத்தைச் சுற்றி. கறை பிடிக்காமல் இருக்கக் காது மடலில் தேங்காயெண்ணெய். கலக்குவதற்கு ஒரு பீங்கான் கிண்ணம். தடவுவதற்கு மயிர் தேய்ந்த பழைய டூத்பிரஷ். முன்பக்கத்தை அவரே போட்டுக்கொள்வார், கண்ணாடி இருக்கிறது. ஆனால் பின்மண்டை என்று ஒன்று இருக்கிறதே. எப்பேர்ப்பட்ட செம்மலாக இருந்தாலும் பின்மண்டைக்கு இன்னொருவர் கை வேண்டும். குழந்தை குட்டி இல்லாத வீடு. இருந்த கை அவள் கைதான்.

அவளுக்கும் பெருமை என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. கூட்டத்தில் பெண்கள், "உங்க வீட்டுக்காரருக்கு முடி எவ்ளோ கருகருன்னு இருக்கு, குடுத்து வெச்சவ நீங்க" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே, நகக்கண்ணில் கறுப்பு ஏறிய விரல்களைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொள்வாள். ஊரே பார்க்கிற தலை. அதன் உண்மை இவள் ஒருத்தியின் நகக்கண்ணில். சில பெண்கள் தாலியைப் பிடித்துக்கொள்வதைப் போல அவள் அந்த ரகசியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துண்டைக் கட்டி, அவர் தலையைக் குனிய வைத்தவள்... பிரஷ்ஷைத் தூக்கியபடியே நின்றாள்.

"இன்னாங்க இது?"

"எது?"

"பின்னால ஏற்கெனவே போட்டிருக்கு. வேர் வரைக்கும். காதோரத்துல பொட்டுக் கறை இல்ல." பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டாள். "என்ன வுட நல்லா போட்டிருக்கா. யாரு?"

"அது இயற்கை, நாயகி."

வருஷக்கணக்காகத் தன் தலைக்குச் சாயம் போடுகிறவளிடமே 'இயற்கை' என்று சொன்ன மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தமிழரசி. மகாபலிபுரத்தில் தையல் பள்ளி நடத்துகிறவள், மேடையில் எதிரணியில் பேசுகிறவள். துணி வெட்டுகிற கை, அதுதான் கறை படாமல் ஓரம் பிடித்திருக்கிறது.

"அவ கையப் புடிச்சிருந்தாக்கூட நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றாள் தெய்வநாயகி. "தலையக் குடுத்துட்டீங்களே. அது எனக்கு மட்டும் தெரிஞ்சதாச்சே."

தாமோதரன் துண்டை உருவிப் போட்டுவிட்டு எழுந்தார். அன்று சாயங்காலம் மகாபலிபுரத்தில் பட்டிமன்றம். இல்லறம் சிறக்கக் காரணம் கணவனா மனைவியா என்பது தலைப்பு. மனைவியே என்று தீர்ப்புச் சொல்லி, மாலை வாங்கி, தமிழரசி வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார். கூடத்தில் விளக்கு இல்லை. போட்டார்.

தெய்வநாயகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு கறுப்பு. தரையில் ஹேர் டைக் குப்பி, காலியாக.

அவள் கண்ணில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. "தப்புப் பண்ணிட்டேங்க... தொண்ட அடைக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க. டை குடிச்சேன்னு சொல்லி மருந்து வாங்குங்க." அவள் வாயால் பேசிய கடைசிப் பேச்சு அது.

தாமோதரன் முதலில் ஈரத்துண்டால் அவள் உதட்டைத் துடைத்தார். பிறகு குப்பியைக் கிணற்றில் போட்டார். அதற்குப் பிறகுதான் காத்தவராயனைக் கூப்பிடப் போனார்.

செங்கல்பட்டில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ராத்திரி டியூட்டியில் இருந்தவள் சுஷ்மிதா என்று ஓர் இளம் டாக்டர். ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததுமே ஓடி வந்தாள். அதற்குள் தெய்வநாயகியின் நாக்கு வாய்க்குள் அடங்காமல் வெளியே நின்றது.

"என்ன சாப்பிட்டாங்க?"

தாமோதரன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். வாசலில் கூட்டம். கூட்டத்தில் இரண்டு பேர் அவரை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னார்கள். அதில் ஒருவன் லக்ஷ்மிநாராயணன் தெருக்காரன். விடிவதற்குள் விஷயம் அங்கே போய்விடும்... டை என்று ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தால் போதும். அடுத்த மேடையில் லக்ஷ்மிநாராயணன் என்ன பேசுவார் என்பது இவர் காதில் அப்போதே கேட்டது. கைதட்டலோடு கேட்டது.

"கத்தரிக்காய்" என்றார்.

ஒவ்வாமைக்கான ஊசி போட்டார்கள். வீக்கம் இறங்கவில்லை. மூச்சுச் சத்தம் மெலிந்து, விசில் மாதிரி ஆகி, நின்று நின்று வந்தது. காத்திருக்க நேரமில்லை. காது மூக்குத் தொண்டை டாக்டர் வந்தார், கழுத்துக் குழியில் துளை போட்டார்கள், குழாய் வைத்தார்கள். ஸ்ஸ்ஸ்... என்று காற்று அதன் வழியாகப் போய் வந்தது. தெய்வநாயகியின் மார்பு ஏறி இறங்கியது. பிழைத்தாள்.

சுஷ்மிதா அவள் காதருகே குனிந்தாள். "பயப்படாதீங்கம்மா. இப்ப குரல் வராது. வீக்கம் வடிஞ்சதும் வேற ட்யூப் மாத்துவோம். அப்ப இந்த ஓட்டைய ஒரு விரலால மூடிக்கிட்டா நீங்க பேசலாம். சரியா?"

தெய்வநாயகி தலையை ஆட்டினாள். அவளுக்குப் பேசுவதற்கு ஒரு விஷயம் இருந்தது.

பொழுது விடிந்தபோது, மூத்திரப் பையில் இறங்கியிருந்தது பால் விடாத டிகாஷன் நிறத்தில் இருந்தது. சுஷ்மிதா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நேராகத் தாமோதரனிடம் வந்தாள்.

"சார், இது அலர்ஜி இல்ல. ஹேர் டை குடிச்சா இப்படித்தான் ஆகும். முதல்ல தொண்ட. அப்புறம் சதை கெட்டு, அந்தக் கழிவு கிட்னிய அடைக்கும். இதுக்குன்னு தனியா மாத்து மருந்து கிடையாது, நேரம்தான் மருந்து. உண்மையச் சொல்லுங்க. டையா?"

"எங்கள் இல்லத்தில் அப்படி ஒரு பொருளே இல்லை, அம்மையீர்."

"அவங்களையே கேக்கறேன்."

பேனா கொடுத்தார்கள். விரல்கள் விறகாகியிருந்தன, பேனா நழுவிப் போர்வைக்குள் போனது. தெய்வநாயகி திணறித் திணறிக் கையைத் தூக்கினாள். கணவன் தலையைத் தொட்டாள். அந்த முடியை விரலால் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த விரலைத் தன் உதட்டுக்குக் கொண்டுபோனாள். மறுபடி அவர் தலை. மறுபடி உதடு.

சுஷ்மிதா அவரைப் பார்த்தாள். "என்ன சொல்றாங்க?"

முப்பது வருஷ மேடைப் பழக்கம் அவரைக் கைவிடவில்லை.

"என் தலைமேல் ஆணையாக ஒன்றும் குடிக்கவில்லை என்கிறாள்."

ஸ்ஸ்ஸ்ஸ்... என்று குழாயில் காற்று சீறியது. தெய்வநாயகியின் வீங்கிய இமைகளுக்கு நடுவே ஒரு கோடு மட்டும் திறந்திருந்தது. அந்தக் கோடு அவரை விட்டு நகரவில்லை.

"நீங்க டை போடறீங்களா சார்?" என்றாள் சுஷ்மிதா. குரல் மாறியிருந்தது.

"இயற்கை" என்றார்.

அவள் மாடிப்படி வரைக்கும் அவரைத் துரத்திக்கொண்டு வந்து பேசினாள். "மாசம் எத்தனை பொண்ணுங்க இப்படி வராங்க தெரியுமா? ஒருத்தி புருஷன் மாத்திரை ஒத்துக்கலன்னான். ஒருத்தி மாமியார், சாம்பார்ல பல்லி விழுந்துடுச்சுன்னாங்க. கல்யாணம் ஆகி ஒரு வாரம் ஆன பொண்ணு, கை மருதாணிகூட அழியல, வழுக்கி விழுந்துட்டாளாம்... மூணு பேரும் பிழைக்கல. கூட வர்ற ஒருத்தர் வாயிலயும் உண்மை வராது. நீங்க கத்தரிக்காய்!"

அவரை நம்பாமல், தானாகவே டை என்று வைத்துக்கொண்டு அவள் வைத்தியம் பார்த்தாள். சலைன் சலைனாக ஏற்றினாள். ஆனால் முதல் ராத்திரி கத்தரிக்காயில் போய்விட்டிருந்தது. மூத்திரம் நின்றது. டயாலிசிஸ் செய்ய மெட்ராசுக்கு அனுப்பினார்கள். வண்டி வண்டலூரைத் தாண்டும்போது குழாயில் காற்று நின்றது. போலீஸ் வந்தது; கேட்டது; கத்தரிக்காயை எழுதிக்கொண்டு போனது.

பிள்ளை இல்லாத வீடு என்பதால் கொள்ளி போட வேண்டியவர் கணவன். கொள்ளி போட்டால் தலையை மழிக்க வேண்டும். அங்கேதான் தாமோதரனுக்கு அடுத்த சங்கடம். மழித்தால் முளைக்கும். முளைப்பது வெள்ளையாக முளைக்கும். தினமும் விபூதி பூசித் தேவாரம் பாடியவர் சுடுகாட்டில் திடீரென்று சீர்திருத்தவாதியானார். "மயிரை நீக்கினால் துயர் நீங்குமா? மூடப் பழக்கம்!" என்று பிணத்தின் தலைமாட்டில் நின்று கொஞ்ச நேரம் முழங்கினார். நாவிதர் கத்தியை மடித்து வைத்துக்கொண்டார்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் ஓய்கிற வரைக்கும் தமிழரசி பக்கம் போக முடியாது. முன்பக்கத்தை அவரே போட்டுக்கொண்டார். பின்பக்கம் நரை தெரியுமே என்று வீட்டுக்குள்ளும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு திரிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கண்ணாடிகளைப் பிடித்து எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்தார்.

கறுப்பு. வேர் வரைக்கும்... இன்னும் ஈரம் காயாத கறுப்பு.

தலையணை உறையில் கறை. காது மடலில் பிசுபிசுப்பு. முகர்ந்தார். தேங்காயெண்ணெய்.

குப்பியைத் தேடினால் வீட்டில் குப்பியே இல்லை. அவர் வாங்கி வைத்ததையும் முதல் நாள்தான் தீர்த்திருந்தார். அடுத்த வாரம் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுப் படுத்தார். இருட்டில்... கால் சத்தம் எதுவும் இல்லை. முதலில் அந்த வாசனை வந்தது, மூக்கைச் சுரண்டிக்கொண்டு. பிறகு பீங்கானில் பிரஷ் தட்டுகிற சத்தம். டிக்... டிக். பிறகு, காதுக்கு வெகு அருகில், ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... பிடரியில் சில்லென்று ஒரு கோடு இறங்கியது.

அவர் அலறவில்லை. அலறுவதற்கும் மூச்சு வேண்டுமே. சுவரைப் பார்த்துப் படுத்தவர் விடிகிற வரைக்கும் திரும்பவே இல்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வீட்டைக் காலி செய்வீர்கள். மந்திரிக்க ஆள் தேடுவீர்கள். தாமோதரன் என்ன செய்தார் தெரியுமா? சில வாரங்களில் பழகிக்கொண்டார். செலவில்லை, சிரமமில்லை, வேலையும் சுத்தம். 'இறந்தும் கடமை மறவாத கற்பரசி' என்று ஒரு சொற்றொடரைக்கூட அடுத்த கூட்டத்துக்காக மனதில் தயார் செய்து வைத்தார். ஆவியையும் ஒரு வசதியாக ஆக்கிக்கொள்ள மனிதனால் முடியும். பெரிய மனிதனாக இருந்தால் போதும்.

வருஷம் திரும்பியது. தமிழரசியைக் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு. நாள் பார்க்க மகாபலிபுரம் போனார். சிற்பிகளின் உளிச் சத்தம் வீட்டுக்குள் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. தமிழரசி ஆசையாகத் துண்டை எடுத்து அவர் கழுத்தில் கட்டினாள். தலையைக் குனிய வைத்தாள்.

உளிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"யாரு போட்டது?" என்றாள்.

"எதை?"

"நடிக்காதீங்க. பின்னால வேர் வரைக்கும் போட்டிருக்கு. உங்களுக்குக் கண்ணு பின்னாலயா கீது, நீங்களே போட்டுக்க?" கழுத்துத் துண்டைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். "ஒரு வருஷம் என்ன ஒதுக்கி வெச்சிட்டு எவ கைல தலையக் குடுத்தீங்க? பேரச் சொல்லுங்க."

தாமோதரன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உண்மையை, அலங்காரம் இல்லாமல், அப்படியே சொன்னார்.

"தெய்வநாயகி."

தமிழரசி சிரித்த சிரிப்பில் உளிச் சத்தமே நின்றது போலிருந்தது. "செத்துப்போனவளா? நடுவர் அவர்களே, எதிரணி இதை ஏத்துக்காது. உயிரோட இருக்கறவளக் காப்பாத்த, செத்தவள சாட்சிக்கு இழுக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"சத்தியம், தமிழ்."

"உங்க சத்தியம் எனக்குத் தெரியாதா? நான் வந்து பாக்கறேன். சனிக்கிழம ராத்திரி உங்க வூட்ல உக்காந்துகினு பாக்கறேன். எவ வரான்னு பாத்துட்டு, அவ தலமயிரப் புடிச்சி இழுத்துட்டு, அப்புறம் நாள் பாக்கலாம். யாரும் வரலேன்னு வெச்சுக்குங்க... ஆளு வேற எங்கயோ இருக்கான்னு அர்த்தம். கல்யாணமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

தாமோதரனுக்கு அவள் வேண்டும். அவள் போனால் கல்யாணம் மட்டும் போகாது. அவருடைய தலை ரகசியமும் அவள் வாயோடு ஊரெல்லாம் போகும். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் தெய்வநாயகி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். சனிக்கிழமை பகல் முழுக்க வேண்டிக்கொண்டார்.

காத்தவராயன் தமிழரசியைக் கூட்டிவந்து, காரைக் குளத்தோரம் இருட்டில் நிறுத்திக்கொண்டான். தமிழரசி டார்ச்சோடு அவருடைய கட்டிலுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். "சுவரைப் பாத்துப் படுங்க. திரும்பினீங்கன்னா ஏதோ கோல்மால் பண்றீங்கன்னு அர்த்தம்" என்றாள். விளக்கை அணைத்தார்கள்.

காத்திருந்தார். பல்லி கத்தியது. கோயில் பக்கம் ஒரு நாய் ஊளையிட ஆரம்பித்து, பாதியில் விழுங்கிக்கொண்டது. பிரம்பு நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. வராமல் இருந்துவிடுவாளோ என்று பயந்து மறுபடி வேண்டிக்கொண்டார்.

வாசனை வந்தது.

டிக்... டிக்.

ஸ்ஸ்ஸ்...

வந்துவிட்டாள். தாமோதரனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, நன்றியில். பிடரியில் அந்தக் கோடு இறங்கியது. அவருக்குத் தெரிந்த கை. அம்மி அரைத்துக் காய்த்துப்போன கட்டை விரல், கனமான அழுத்தம். தமிழரசி இப்போது டார்ச் அடிப்பாள், அலறுவாள், நம்புவாள்...

டார்ச் அடிக்கவில்லை. அலறவில்லை. அதற்குப் பதில், இடது காதுப் பக்கம் இன்னொரு பிரஷ் வந்து தொட்டது.

இரண்டாவது கை. லேசான கை. வேகமான கை. முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து ஓரம் பிடித்தது. அந்த வேலைப்பாடு தனக்குத் தெரியும் என்று நினைத்தார். ஈரமான ஓட்டை ஒன்றை விரலால் மூடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்... உடனே ஒரு கிசுகிசுப்பு.

"காதோரம் நான் பாத்துக்கறேன், அக்கா."

ஸ்ஸ்ஸ்... என்று பதில் வந்தது. சமாதானமான காற்று.

பயம் போயிற்று. போய், அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒருத்தி உயிரோடு, ஒருத்தி உயிரில்லாமல். இவள் அவளை அக்கா என்கிறாள். இரண்டு உலகத்துப் பெண்களும் சண்டையை விட்டுவிட்டு ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்... அவருடைய தலையை! லக்ஷ்மிநாராயணனுக்கு வாய்க்குமா? மூன்று ஜென்மம் எடுத்தாலும் வாய்க்குமா? செந்நாச் செம்மல் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

விடிந்து பார்த்தால் நாற்காலி காலி. வாசல் கதவு திறந்து கிடந்தது. குளத்தோரம் அம்பாசிடர் அப்போதுதான் வந்து நின்றுகொண்டிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பெருமையோடு படி இறங்கினார்.

"தமிழரசி எங்கே, காத்தவராயா? ராத்திரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் அல்லவா?"

காத்தவராயன் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"இன்னாத்த பாத்தாங்க? நீ படுத்துகினு ரெண்டு பீடி ஊதற நேரம் ஆவல சார், வெளிய வந்துட்டாங்க. செம கோவம். 'எவளும் வரல, வரவும் மாட்டா, வேற எவளயோ எங்கயோ வெச்சிகினு என்னை ஏமாத்தறான்'னு ஒரே திட்டு. மகாபலிபுரத்துல வூட்டாண்ட வுட்டுட்டு, பங்ச்சர் ஒட்டிகினு இப்பதான் வரேன்."

தாமோதரன் இடது காதோரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இனிமே அந்தப் பக்கம் வராதன்னு சொல்லச் சொன்னாங்க. தலை விசயத்த ஊருக்கே சொல்லப் போறாங்களாம்." காத்தவராயன் என்ஜினை அணைத்தான். "அது இன்னா சார் தலை விசயம்?"

அன்று சாயங்காலத்துக்குள் செங்கல்பட்டு வரைக்கும் போய்விட்டது. லக்ஷ்மிநாராயணன் என்ன பேசினார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கைதட்டல் நல்ல கைதட்டல் என்று கேள்வி. ஆனால் தாமோதரன் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. அக்கா என்று கூப்பிட்டவள் யார் என்பதிலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். பக்தவத்சலம் வீட்டுக்கு வந்து, கூடத்து விளக்கு அத்தனையையும் போட்டுவிட்டு, மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். டை, கிணறு, கத்தரிக்காய், எல்லாவற்றையும். அது அடுத்த சனிக்கிழமை ராத்திரி. அங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றார். பக்தவத்சலம் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டான்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

கனமான கை வந்தது. லேசான கை வந்தது. இரண்டுக்கும் நடுவில்... மூன்றாவதாக ஒரு கை. தயங்கித் தயங்கி, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி, எங்கே தொடுவது என்று தெரியாமல். கண்ணாடி வளையல்கள், நிறைய, ஒன்றோடொன்று உரசின. அவர் பிடரியில் ஏதோ குளிர்ச்சியாக, துகள் துகளாக உதிர்ந்தது. டை இல்லை. பக்தவத்சலம் மறுநாள் காலை வெளிச்சத்தில் தொட்டுப் பார்த்தான்.

மருதாணி. இன்னும் காயவில்லை.